பின்னால் வரும் காருக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட் என்ற கார் பந்தய வீடியோ கேம் 2005-இல் வந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் அதை மணிக்கணக்காக ஓட்டியவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரிந்திருக்கும். முதல் சுற்றிலேயே எல்லாரையும் தாண்டியாயிற்று. எங்கும் இடிக்கவில்லை. சட்டென்று வேகம் கூட்டும் நைட்ரஸைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தாயிற்று. எதிராளி ஒரு லாரியில் மோதி நின்றதைக்கூடக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் கடைசிச் சுற்றில் அவன் கண்ணாடியில் முளைத்துவிடுகிறான். உங்கள் கார் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டு அதற்குமேல் ஏற மறுக்கிறது. அதைவிடச் சுமாரான காரில் வருகிறவன் பக்கத்தில் வந்து, தாண்டியும் போகிறான். நேர்மாறாகவும் நடக்கும். நீங்கள் எங்கோ மோதித் திரும்பி நின்றுவிட்டுக் கிளம்பினால், முன்னால் போனவர்கள் ஏனோ நிதானமாகிவிடுவார்கள். ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

ரப்பர் பேண்டிங் என்று இதைச் சொல்வார்கள். கேட்ச்-அப் என்றும் சொல்வதுண்டு. கார் பந்தய ஆட்டங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இது வந்தே தீரும். வந்ததும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். 'இது மோசடி, நிஜத்தில் இப்படி நடக்குமா' என்பது ஒரு கட்சி. 'தனியாக ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன சுவாரசியம்' என்பது மற்றது. இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம் உண்டு என்பது என் எண்ணம். உதவி இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடுவதில் பயனில்லை. அந்த உதவி ஒளிந்து வேலை செய்கிறதா, தெரிந்து வேலை செய்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆட்டம் ஒவ்வொரு கணமும் உங்களுக்கும் மற்ற கார்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். எதிராளி ஓர் எல்லைக்கு மேல் பின்தங்கினால் அவனுடைய எஞ்சின் சக்தியையோ டயரின் பிடிப்பையோ கொஞ்சம் கூட்டும். எல்லைக்கு மேல் முன்னேறிவிட்டால் அதையே குறைக்கும். பல ஆட்டங்களில் இதைச் செய்வது மிகச் சுலபம், ஏனென்றால் கணினி ஓட்டும் கார்களுக்கு நம் காருக்கு உள்ள முழு இயற்பியல் கணக்கு கிடையாது. டயர் சூடாவது, பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போவது, மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்குவது எல்லாம் நம் காருக்கு மட்டும்தான். மற்றவை போட்டு வைத்த ஒரு கோட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். வேகத்தைக் கூட்ட ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

இது சோம்பேறித்தனத்தால் வந்த பழக்கம் அல்ல. 1982-இல் நாம்கோ வெளியிட்ட போல் பொசிஷனில் மற்ற கார்கள் வெறும் நகரும் தடைகள்தான். எல்லா கார்களுக்கும் முழு இயற்பியல் கணக்குப் போடும் திறன் அன்றைய இயந்திரங்களுக்கு இல்லை. அதோடு கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தின் பிழைப்பு அந்தக் காசில் இருந்தது. காசு போட்டவர் முதல் வளைவிலேயே சுவரில் மோதி, மீதி நேரம் முழுக்கத் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு காசு போட மாட்டார். சேகாவின் டேடோனா யூஎஸ்ஏ, 1994 வாக்கில் உலகமெங்கும் ஆர்கேட்களை நிரப்பிய ஆட்டம், நீங்கள் முதல் சுற்றை எவ்வளவு நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து அதற்கேற்பப் போட்டியின் கடினத்தை மாற்றிக்கொண்டது. புதியவரும் கைதேர்ந்தவரும் ஒரே இயந்திரத்தில் காசு போட்டார்கள். இரண்டு பேருக்கும் நெஞ்சு படபடக்க வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம் பந்தயத்துக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் போகிறவருக்கு முன்னால் இருப்பதே மேலும் மேலும் வசதி. எதிரே யாரும் வழிமறிப்பதில்லை, வளைவுக்குச் சரியான கோட்டை அவரே தேர்ந்தெடுக்கலாம். பின்னால் இருப்பவர் மற்றவர்களோடு முட்டி மோதி நேரத்தை இழக்கிறார். சும்மா விட்டால் இடைவெளி வளர்ந்துகொண்டேதான் போகும். ஆகவே யாராவது ஏதாவது செய்து கார்களைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

நின்டென்டோ இதை ஒளிக்காமல் செய்தது. 1992-இல் வந்த சூப்பர் மாரியோ கார்ட் என்ற குட்டிக் கார் பந்தய ஆட்டம் முதலே, நீங்கள் எந்த இடத்தில் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கையில் கிடைக்கும் ஆயுதம் மாறும். முதலில் இருப்பவருக்கு வாழைப்பழத் தோல், கடைசியில் இருப்பவருக்கு நட்சத்திரம். மாரியோ கார்ட் 64-இல் வந்த, முதலில் இருப்பவரைத் தேடிப்பிடித்து அடிக்கும் அந்த முள் ஆமையோட்டைப் பற்றி இன்றுவரை புலம்புகிறார்கள். ஆனால் யாரும் அதை மோசடி என்று சொல்வதில்லை. அது வருவது தெரிகிறது. விதி எல்லாருக்கும் ஒன்று. நாளை நீங்கள் கடைசியில் இருந்தால் உங்கள் கைக்கும் வரும்.

சரி, சிமுலேஷன், அதாவது நிஜத்தின் நகல், என்று பெயர் போட்டுக்கொண்டு வருகிற ஆட்டங்களுக்கு வருவோம். இவை கொடுக்கும் வாக்கு வேறு. கடிகாரம் பொய் சொல்லாது என்பதே அந்த வாக்கு. பாப்பிரஸ் நிறுவனம் 1989-இல் உருவாக்கிய இண்டியானாபொலிஸ் 500: தி சிமுலேஷன் முதல், அதே நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் கேமர் 2008-இல் கொண்டுவந்த, இணையத்தில் ஒருவரோடு ஒருவர் மோதும் ஐரேசிங் வரை, இந்தப் பாதையில் வந்தவர்கள் எல்லாரும் விற்றது அந்த நம்பிக்கையைத்தான். சோனியின் கார் பந்தய ஆட்டமான கிரான் டூரிஸ்மோவின் போட்டியில் 2011-இல் ஜெயித்த ஜான் மார்டன்பரோ நிஜப் பந்தயக் காரில் ஏறி, பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸ் வரை போனார். ஐரேசிங்கில் ஓட்டப் பழகிவிட்டு நிஜக் காருக்கு வந்த வில்லியம் பைரன் 2024, 2025 என அடுத்தடுத்து அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான டேடோனா 500-ஐ ஜெயித்தார். திரையில் கற்ற ஏதோ ஒன்று தார்ச்சாலையிலும் செல்லுபடியாகிறது.

அந்த ஏதோ ஒன்று எப்படிக் கற்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால், ரப்பர் பேண்ட் ஏன் சிமுலேஷனுக்கு ஆகாது என்பது தானாகப் புரியும். இத்தாலியின் மோன்சா பாதையை எடுத்துக்கொள்வோம். நீண்ட நேர்ச்சாலை முடிந்ததும் முதல் சிக்கேன், அதாவது வலமும் இடமுமாக ஒடிக்கும் குறுகலான வளைவு. கார் மணிக்கு 252 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விநாடிக்கு 70 மீட்டர். வளைவில் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும். அது விநாடிக்கு 20 மீட்டர். இப்போது நீங்கள் பயந்துபோய்த் தேவைக்கு 10 மீட்டர் முன்னதாகவே பிரேக்கை மிதித்துவிட்டீர்கள். சரியாகப் பிடித்திருந்தால் அந்த 10 மீட்டரை முழு வேகத்தில் 0.14 விநாடியில் கடந்திருப்பீர்கள். இப்போது வளைவுக்கு முன்பே வேகம் இறங்கிவிட்டதால் கடைசி 10 மீட்டரை ஊர்ந்து கடக்க 0.5 விநாடி ஆகிறது. ஒரே ஒரு வளைவில், ஒரே ஒரு தயக்கத்தில், 0.36 விநாடி போய்விட்டது.

அடுத்த சுற்றில் துணிந்து 10 மீட்டர் தள்ளிப் பிடிக்கிறீர்கள். முன்னால் போகும் காரோடு உங்கள் இடைவெளி 0.36 விநாடி குறைய வேண்டும். குறைந்தால், செய்தது சரி என்று கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும். நேர்மையான ஆட்டத்தில் குறையும். ரப்பர் பேண்ட் உள்ள ஆட்டத்தில், நீங்கள் நெருங்கியதைப் பார்த்து முன்னால் போகிறவன் வேகத்தைக் கூட்டுவான். இடைவெளி அப்படியே இருக்கும். செய்த முன்னேற்றம் திரையில் தெரியாமலே போகும். தப்புச் செய்தாலும் அதே கதை: தண்டனை வராது. தோற்றது கோபம் தருவதைவிட, ஓட்டியது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளும் வழியே அடைபட்டுப் போவதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் பேண்ட் என்று நாம் திட்டுவதில் ஒரு பகுதி ரப்பர் பேண்டே அல்ல. அதே மோன்சா கணக்கைத் திரும்பப் பாருங்கள். உங்களுக்கும் பின்னால் வருகிறவருக்கும் சரியாக ஒரு விநாடி இடைவெளி. நேர்ச்சாலையில் அந்த ஒரு விநாடி 70 மீட்டர். கண்ணாடியில் அவர் ஒரு புள்ளி. சிக்கேனுக்குள் அதே ஒரு விநாடி வெறும் 20 மீட்டர். திடீரென்று கண்ணாடி முழுக்க அவர் பம்பர். 50 மீட்டரைப் பறந்து வந்து மூடிவிட்டார் என்று தோன்றும். அவர் ஒரு கணம்கூட உங்களைவிட வேகமாக ஓட்டவில்லை. வளைவை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் முதலில் ஆக்சிலரேட்டரை மிதிப்பீர்கள், தூரம் மறுபடி விரியும். இது எந்தப் பாதையிலும், நிஜத்திலும், தினமும் நடக்கிறது. ஆகவே ஆட்டத்தைக் குற்றம் சொல்லுமுன் மீட்டர் கணக்கை விட்டுவிட்டு விநாடிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நிஜத்தில் இதெல்லாம் இல்லை என்று சொல்கிறவர்கள் நிஜப் பந்தயத்தைக் கூர்ந்து பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். பின்தங்கியவருக்குக் கை கொடுப்பது அங்கே அன்றாட நடைமுறை. விபத்து நடந்து பாதுகாப்பு கார் வெளியே வந்தால், முதலில் இருப்பவர் இருபது விநாடி முன்னால் இருந்தாலும் அத்தனையும் போய், எல்லாரும் வரிசையில் ஒட்டி நிற்பார்கள். ஃபார்முலா 1-இல் 2011 முதல் 2025 வரை டிஆர்எஸ் இருந்தது: முன்னால் போகிறவரின் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டால், குறிப்பிட்ட நேர்ச்சாலைகளில் பின் இறக்கையைத் திறந்து காற்றின் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். முன்னால் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடையைச் சுமந்து ஓடிய காலம் நீளமானது. ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரிலும் அந்த வழக்கம் உண்டு. விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைத்த ஜிடி3 கார்களில் ஒவ்வொரு நிறுவனத்தின் காருக்கும் எடை எவ்வளவு, எஞ்சின் சக்தி எவ்வளவு என்று அமைப்பாளர்களே நிர்ணயித்துச் சமப்படுத்துகிறார்கள். ஃபார்முலா 1 அணிகளின் காற்றுச்சுரங்கச் சோதனை நேரத்தில்கூட, சாம்பியனுக்குக் குறைவாகவும் கடைசி அணிக்கு அதிகமாகவும் ஒதுக்குகிறார்கள்.

இவற்றை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், எல்லாம் எழுதிவைத்த விதிகள் என்பதுதான். டிஆர்எஸ் எங்கே திறக்கும் என்று பாதையில் கோடு போட்டிருந்தார்கள். எடை எத்தனை கிலோ என்று முன்பே தெரியும். அணிகள் அதையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டன. நிஜத்திலும் ஓர் உதவி எல்லை மீறியபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். மின்சாரக் கார்களின் பந்தயமான ஃபார்முலா ஈ 2014-இல் தொடங்கியபோது, ரசிகர்களின் வாக்குகளை அதிகம் பெற்ற ஓட்டுநர்களுக்குப் பந்தயத்தின் நடுவே கூடுதல் மின்சக்தி கொடுக்கும் ஃபேன்பூஸ்ட் இருந்தது. ஓட்டும் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெடுநாள் குறைப்பட்டபின் 2022-23 பருவம் தொடங்கும்போது அதை எடுத்துவிட்டார்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு நேர்ச்சாலையில் தடை குறைகிறது. இதுதான் ஸ்லிப்ஸ்ட்ரீம், இயற்கையே கொடுக்கும் கேட்ச்-அப். ஆனால் அதே கலங்கிய காற்று வளைவில் இறக்கைகளின் அழுத்தத்தைக் குறைத்து, முன்சக்கரங்களைப் பிடிப்பில்லாமல் வெளியே இழுக்கும். கொடுத்ததில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. முதல் பாதியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடும் ஆட்டங்கள் இருக்கின்றன. அங்கே ஸ்லிப்ஸ்ட்ரீம் என்ற பெயரில் நடப்பது இன்னொரு ரப்பர் பேண்ட்தான்.

ஓட்டுநர் உதவிகளை இந்தச் சண்டையில் இழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வேகம் கூட்டும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல், தரையில் வரைந்து காட்டும் பந்தயக் கோடு, தவறினால் சில விநாடி பின்னோக்கிப் போகும் ரீவைண்ட், இவை எல்லாம் நீங்களே தெரிந்து போட்டுக்கொள்பவை. எதிராளியின் காரைத் தொடாதவை. ஜிடி3 காருக்கு நிஜத்திலேயே ஏபிஎஸ் உண்டு. நிஜம் வேண்டும் என்று அதை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர் நிஜத்தை விட்டுத் தள்ளிப் போகிறார்.

முழுக் கண்டிப்பு மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பாப்பிரஸ் 1998-இல் கொண்டுவந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் 1967-ஆம் ஆண்டு ஃபார்முலா 1 கார்களைக் காட்டியது. இறக்கை இல்லை, டயர் மெலிது, சக்தி மட்டும் ஏராளம். ஆக்சிலரேட்டரை ஒரு துளி அதிகம் மிதித்தால் கார் சுழன்றுவிடும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சோபிக்கவில்லை. புதிதாக வந்தவர்களில் பலர் ஒரு சுற்றைக்கூட முழுதாக முடிக்கும் முன்பே மூட்டை கட்டிவிட்டார்கள். அன்பில்லாத நிஜம் அது. அப்படி ஓர் ஆட்டத்தை நேசிக்கிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் கடிகாரத்தைப் பொய் சொல்ல வைக்காமல் கார்களைச் சேர்த்து வைக்க வழி இருக்கிறதா? சில வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒன்று, காரை மாற்றாமல் ஓட்டுநரை மாற்றுவது. பிளாக் ராக் ஸ்டூடியோ 2008-இல் கொண்டுவந்த ப்யூர் ஒரு சிமுலேஷன் அல்ல, மலைகளில் நாலுசக்கர பைக் ஓட்டும் ஆட்டம். ஆனால் அதைச் செய்தவர்கள் ஒரு நல்ல யோசனையை வெளிப்படையாக விளக்கினார்கள்: எதிராளியின் வாகனத்துக்கு இல்லாத சக்தியைக் கொடுப்பதைவிட, அவனுடைய திறமையை ஏற்றி இறக்கலாம். வளைவில் எவ்வளவு துணிகிறான், எங்கே தவறுகிறான் என்பதை மாற்றினால் வாகனம் செய்ய முடியாததை அவன் செய்யப்போவதில்லை. பார்க்கிறவர் கண்ணில், அவன் பதற்றத்தில் வழுக்கினான், அவ்வளவுதான். பந்தயத்தின் நடுவே செய்தால் இதுவும் ரப்பர் பேண்ட்தான், ஆனால் இயற்பியலை மதிக்கிற ரப்பர் பேண்ட்.

மைக்ரோசாஃப்டின் ஃபோர்ஸா வேறு வழி போனது. 2005-இல் வந்த முதல் ஃபோர்ஸாவிலேயே, நீங்கள் ஓட்டும் விதத்தைக் கற்றுக்கொள்ளும் டிரைவட்டார் இருந்தது. 2013-இல் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5 அதை இணையத்தில் ஏற்றி, உலகில் யார் யாரோ ஓட்டிய பழக்கங்களை உங்கள் எதிராளிகளாக அனுப்பியது. மனிதத் தவறுகளோடு மனிதப் போக்கிரித்தனமும் சேர்ந்து வந்தது. முதல் வளைவில் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற பழக்கத்தையும் அவை கற்றுக்கொண்டிருந்தன. பின்வந்த பாகங்களில் அந்த முரட்டுத்தனத்தை அடக்க ஒரு தேர்வு வைக்க வேண்டியதாயிற்று.

ஐரேசிங் எடுத்த வழிதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. யாருக்கும் உதவி இல்லை. ஒவ்வொருவருக்கும் திறமைக்கு ஒரு மதிப்பெண், பத்திரமாக ஓட்டுவதற்கு இன்னொன்று. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்களை மதிப்பெண்படி பிரித்து, ஏறக்குறைய சமமானவர்களை ஒரே பந்தயத்தில் விடுகிறார்கள். பந்தயம் நெருக்கமாகத்தான் இருக்கும், கடிகாரமும் நேர்மையாகவே ஓடும். உதவி பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. 2017-இல் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டும் இதே மாதிரி இரட்டை மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. கணினியோடு மோதும் ஆட்டங்களில், பந்தயத்துக்கு முன்பே எதிராளியின் திறனை எண்ணாகத் தேர்ந்தெடுக்க வைப்பதும் இதே நேர்மைதான். ஃபார்முலா 1 ஆட்டங்களில் 0 முதல் 110 வரை ஓர் அளவுகோல் இருப்பது அதனால்தான். 85-இல் ஜெயித்தேன் என்றால் மற்றவருக்கும் அது புரியும்.

கிரான் டூரிஸ்மோ 7-இன் தனியாள் பந்தயங்கள் இன்னும் அரைகுறையாகத்தான் நிற்கின்றன. பலவற்றில் ஓடிக்கொண்டே தொடங்கும் வரிசையில் நம்மைக் கடைசியில் விட்டு, முதலில் இருப்பவனை வெகுதூரம் முன்னால் விட்டுவிடுகிறார்கள். சில சுற்றுகளுக்குள் அத்தனை பேரையும் தாண்டிப் பிடிக்க வேண்டும். முன்னால் போகிறவன் கடைசியில் தளர்ந்து கொடுக்கிறான் என்று ரசிகர்கள் குறைப்படுகிறார்கள். உலகின் மிக அழகான கார்களை வைத்துக்கொண்டு பந்தயத்தை விரட்டிப் பிடிக்கும் ஆட்டமாக்கிவிட்டார்களே என்று வருத்தமாக இருக்கிறது. அதே ஆட்டத்தில் நாமே பந்தயம் அமைக்கும் இடத்தில், பின்தங்கியவருக்கு வேகம் கூட்டும் பூஸ்ட் வேண்டுமா, ஸ்லிப்ஸ்ட்ரீம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் தம்பி தங்கையோடு ஒரே திரையில் ஓட்டும்போது பூஸ்ட் போடுவதில் தப்பே இல்லை. போட்டிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மோஸ்ட் வான்டடிலும் தனிப் பந்தயத்துக்குக் கேட்ச்-அப்பை அணைக்கும் சுவிட்ச் இருந்தது. கதைப் பகுதியில்தான் கை வைக்க விடவில்லை.

சோனியின் ஏஐ ஆய்வுப் பிரிவு உருவாக்கிய கணினி ஓட்டுநரான ஜிடி சோஃபி இந்தக் கதையை வேறு பக்கம் திருப்பியது. நம் காருக்கு உள்ள அதே இயற்பியல், அதே டயர், எந்தச் சலுகையும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிளேஸ்டேஷன்களில் ஓட்டி ஓட்டித் தானே கற்றது. 2021 ஜூலையில் உலகின் முதல்தர கிரான் டூரிஸ்மோ ஓட்டுநர்களோடு அணியாக மோதித் தோற்றது, அக்டோபரில் ஜெயித்தது. 2022 பிப்ரவரியில் நேச்சர் இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. கணினி ஓட்டுநருக்குக் கள்ள வேகம் கொடுத்தால்தான் போட்டி வரும் என்ற பழைய சாக்கு அன்றோடு முடிந்தது. ஆனால் உலக சாம்பியனை வீழ்த்துகிற ஓட்டுநர் நம்மைப் போன்றவர்களோடு ஓட எவ்வளவு இறங்கி வர வேண்டும், அதை யார் எப்போது தீர்மானிப்பது என்ற கேள்வி பழையபடி முன்னால் வந்து நிற்கிறது.

உங்கள் ஆட்டத்தில் ஒளிந்த ரப்பர் பேண்ட் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரே பாதை, ஒரே கார், ஒரே கடினம், ஒரே வானிலை வைத்து இரண்டு பந்தயம் ஓட்டுங்கள். டயர் தேய்வதையும் எரிபொருள் குறைவதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும். ஒன்றில் உங்களால் முடிந்த முழு வேகம். மற்றதில் ஓரமாக ஒதுங்கி, கடைசியில், நிதானமாக ஊருங்கள். முடிந்ததும் ஆட்டம் காட்டும் பட்டியலில் உங்கள் நேரத்தை விட்டுவிட்டு, கணினி கார்களின் சுற்று நேரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் சுற்று நெரிசலில் போயிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முதலில் வருகிற காரின் நேரம் இரண்டு பந்தயத்திலும் சில பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் ஒத்துப்போனால் ஆட்டம் நேர்மையானது. நீங்கள் ஊர்ந்தபோது அவனும் சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி தளர்ந்திருந்தால், அவன் ஓட்டிக்கொண்டிருந்தது உங்களைப் பார்த்துத்தான்.